குப்பைமேட்டருகே கிணற்று நீரும் அடிச்சேறும் எடுக்கும்போது

குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் எம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்தக் கிணத்துத் தண்ணியைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ, சுவாமி?" கண்ணால் பார்த்தோ நாவில் வைத்தோ இதற்குப் பதில் சொல்ல எம்மால் முடியாது. ஆய்வுகூடந்தான் சொல்லவேண்டும். ஆனால் ஆய்வுகூடம் உங்கள் கிணற்றைப் பார்ப்பதில்லை. தனக்கு வந்து சேர்ந்த போத்தலைத்தான் பார்க்கின்றது. அந்தப் போத்தல் எந்தக் கிணற்றில், எந்த நாளில், எப்படி நிரப்பப்பட்டது என்பதில் பிழை நேர்ந்தால், எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் அந்தப் பிழையைத்தான் அளந்து தரும். எனவே மாதிரி எடுக்கும் நாளில் ஊரவர் எதைக் கவனிக்கவேண்டும் என்பதை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கின்றோம்.

நாம் இதைப் படித்தது ஒரு தவறிலிருந்து. 2018 ஆம் ஆண்டு ஆவணி மாதம் யாழ் குடாநாட்டில் ஒரு குடியேற்றத்துக்குப் போயிருந்தோம். 1990 இல் ஊரைவிட்டு வெளியேறி, நாலைந்து இடம் மாறி, கடைசியில் அங்கே கொட்டில் போட்டிருந்த தோட்டக்காரக் குடும்பங்கள். பக்கத்தில் கல் அகழ்ந்த பழைய கிடங்கு ஒன்று. உள்ளூராட்சி சபையொன்று அதற்குள் பல வருடங்களாகக் குப்பை கொட்டி, கிடங்கு நிரம்பி மேடாகியிருந்தது. மாரியில் மேட்டின் அடியிலிருந்து கறுத்த தண்ணீர் கசிந்து, வெள்ளவாய்க்காலில் இறங்கி, கீழேயுள்ள சிறு குளத்தில் சேரும். மக்கள் பலமுறை முறையிட்டதன் பேரில் அலுவலகம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். கடும் வெயில். முதல் வீட்டில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, அதே வீட்டுத் தாங்கியின் குழாயைத் திறந்து ஒரு வெறும் சோடாப் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதத்தின் பின் "நீர் குடிப்பதற்கு உகந்தது" என்று கடிதம் வந்தது. அந்தத் தாங்கித் தண்ணீரோ பவுசரில் வெளியூரிலிருந்து வந்தது! கடிதத்தில் எழுதியிருந்தது பொய்யல்ல. ஆனால் அதைக் காட்டி, இனிப் பவுசர் தேவையில்லை, கிணற்று நீரையே குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த உத்தியோகத்தரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. அன்று அங்கே இருபது, முப்பது பேர் நின்றோம். எங்களில் ஒருவராவது "ஐயா, இது கிணற்றுத் தண்ணீர் அல்ல" என்று வாய் திறக்கவில்லை. படித்தவர் செய்கின்றார், அவருக்குத் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

கறுத்த தண்ணீர் போகும் வழி

குப்பைக்குள் இருக்கும் சோறு, மரக்கறி, இலைகுழை எல்லாம் காற்றுப் படாமல் அழுகும்போது முதலில் புளித்து அமிலத்தன்மை அடைகின்றன. மழைநீர் அதனூடாக இறங்கும்போது கரையக்கூடியவற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு போகின்றது. பழைய பற்றரிகளின் ஈயம், தகரங்களின் இரும்பு, வர்ணப் பூச்சுகளின் உலோகங்கள் அமிலத்தில் எளிதில் கரையும். காலம் செல்ல அமிலம் குறைந்து, மீதேன் வாயு உண்டாகும் நிலை வரும். அப்போது உலோகக் கரைசல் குறைந்தாலும் அமோனியா மட்டும் குறைவதில்லை. கொட்டுவதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னரும் அது கசிந்துகொண்டே இருக்கும். "இப்ப அங்கை கொட்டிறதில்லைத்தானே" என்று எவராவது சொன்னால் அதை நினைவில் வையுங்கள்.

முறையாகக் கட்டப்படும் நிலநிரப்பில் அடியிலே இறுக்கிய களிமண்ணும் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பும் போட்டு, கசிவுநீரைக் குழாய்வழி சேர்த்துச் சுத்திகரிப்பார்கள். கம்பகா மாவட்டத்தில் தொம்பேயில் அப்படி ஒன்று கட்டப்பட்டிருக்கின்றது. எமது ஊர்ப்புறங்களில் நாம் காண்பது வெறும் கிடங்கும் பள்ளக்காணியுமே. கல் அகழ்ந்த கிடங்கு எல்லாவற்றிலும் மோசமானது. மேலிருக்கும் மண்ணை முன்னரே அகற்றிவிட்டதால், கசிவுநீரை வடிகட்ட அங்கே ஒன்றும் இல்லை. நேரே சுண்ணாம்புக்கல்லில் இறங்குகின்றது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிக்கவும் இறைக்கவும் எமக்கு உள்ளது கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர்தான். அந்தக் கல்லோ வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மணலில் தண்ணீர் மெதுவாக ஊர்ந்து போகும்; சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு வழியே ஓடிவிடும். இதனால் மேட்டுக்கு ஐம்பது யார் தூரத்திலுள்ள கிணறு நல்லதாகவும், முந்நூறு யார் தூரத்திலுள்ள கிணறு கெட்டதாகவும் இருக்கக்கூடும். கிட்டிய கிணற்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எமது நிலத்துக்குப் பொருந்தாது.

எந்தக் கிணறு?

தவறான அந்தக் கடிதத்தின் பின் ஊரவர் ஆறு பேரைக் கொண்ட ஒரு குழு அமைத்தோம். மறுபடியும் மாதிரி எடுக்கவேண்டும் என்று எழுத்தில் கேட்டு, ஆய்வுகூடம் ஒன்றும் சம்மதித்தது. வருபவருக்குக் காட்ட எம்மிடம் ஒரு படம் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தோம். பள்ளிக் கொப்பித் தாள்களை ஒட்டி, மேடு, வெள்ளவாய்க்கால், குளம், கிணறுகள், மலசலகூடக் குழிகள், மாட்டுப்பட்டி, உரம் போடும் தோட்டங்கள் எல்லாவற்றையும் குறித்தோம். அப்பகுதியில் முன்னொரு காலத்தில் கல் உடைத்த அப்பு ஒருவர், கிடங்கின் வடக்கு மூலையே ஆழமானது என்றும், கோடையிலும் அங்கே தண்ணீர் ஊறியதால் அகழ்வதை நிறுத்தினார்கள் என்றும் சொன்னார். அந்த ஒரு செய்தி எந்த அலுவலகக் கோவையிலும் இருக்கவில்லை.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகின்றது என்பதை ஊர் மேசன்மாரின் துணையோடு ஓரளவு அறியலாம். அத்திவாரம் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாய் அவர்களிடம் உண்டு. அதனால் கிணற்றுக் கட்டுகளின் உயர வித்தியாசத்தை இடத்துக்கிடம் மாற்றி மாற்றி அளந்து கொண்டுபோகலாம். பின்பு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இறக்கி ஆழத்தை அளக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எந்தக் கிணற்றில் நீர்மட்டம் உயரம், எதில் பதிவு என்று தெரியும். உயர்ந்த மட்டத்திலிருந்து பதிந்த மட்டத்துக்குத் தண்ணீர் நகரும். மூன்று கிணறுகளாவது வேண்டும்; அவை ஒரே கோட்டில் இருக்கக்கூடாது. விடிய, எவரும் இறைக்கத் தொடங்குமுன் எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில் அளக்கவேண்டும். ஒரு தோட்டத்தில் இயந்திரம் ஓடினால் சுற்றிலும் மட்டம் இறங்கிக் கணக்குப் பிழைத்துவிடும். வெடிப்புள்ள கல்லில் இந்தக் கணக்கு முற்றிலும் நம்பத்தக்கதல்ல. எனினும் ஒன்றும் தெரியாமல் நிற்பதைவிட நல்லது.

இப்படிப் பார்த்து, மேட்டிலிருந்து தண்ணீர் வரும் பக்கத்தில் மூன்று கிணறுகளைத் தெரிந்தோம். நாலாவதாக, மேட்டின் தண்ணீர் எட்டாத மேற்பக்கத்தில் ஒரு பங்குக் கிணற்றையும் சேர்த்தோம். நாலாவதைச் சிலர் விரும்பவில்லை. "அங்கை குப்பை இல்லையே, ஏன் வீணா ஒரு போத்தல்?" என்றார்கள். கெட்ட தண்ணீர் குப்பையால் கெட்டதா, வேறு காரணத்தால் கெட்டதா என்று பிரித்தறிய அந்தக் கிணறு இல்லாமல் முடியாது. கடலுக்கு அண்மையான ஊரில் இது இன்னும் முக்கியம். கசிவுநீரில் உப்பு, அதாவது குளோரைட்டு, மிகுதி. அது மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு முன்னே ஓடுவதால் கசிவைக் கண்டுபிடிக்க நல்ல அடையாளம். ஆனால் கோடையில் கடல்நீர் உட்புகுந்தாலும் குளோரைட்டு ஏறும். அமோனியாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு ஓரளவு விளங்கும்.

காலமும் முக்கியம். கோடையின் கடைசியில், புரட்டாதியில், ஒரு தடவை. மாரி முடிந்து தை மாதத்தில் இன்னொரு தடவை. ஒரே போத்தலை வைத்து வருடம் முழுவதற்கும் பதில் சொல்ல எவராலும் முடியாது.

போத்தல் நிரப்பும் நாள்

ஒரே போத்தலில் எல்லாப் பரிசோதனையும் செய்ய முடியாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும். பற்றீரியாப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தல் வரும். அதைக் கழுவக்கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது, கழுத்துவரை நிரப்பாமல் சற்று வெற்றிடம் விடவேண்டும். எண்ணெய் பார்ப்பதற்குக் கண்ணாடிப் போத்தல். அதையும் கழுவக்கூடாது, ஏனெனில் எண்ணெய் போத்தலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்று, குளோரைட்டு முதலியவற்றுக்குப் பிளாஸ்ரிக் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்றுமுறை அலசிவிட்டு நிரப்பலாம். உலோகம் பார்க்கும் போத்தலில் சில துளி நைத்திரிக்கமிலம் முன்னரே விடப்பட்டிருக்கும். அது உலோகங்கள் போத்தல் சுவரில் படியாமல் தடுப்பதற்கு. எங்கள் இரண்டாம் முறையில் உதவிக்கு வந்த ஒரு பையன், போத்தலில் ஏதோ மிச்சம் கிடக்கின்றதென்று அந்த அமிலத்தை நன்றாக அலசி ஊற்றிவிட்டான். கையுறை போட்டிருந்ததால் கை தப்பியது, போத்தல் தப்பவில்லை. நல்லவேளை, கொண்டுவந்தவர் மேலதிகமாக இரண்டு போத்தல் வைத்திருந்தார். "கழுவுவதா, விடுவதா?" என்பதை ஒவ்வொரு போத்தலுக்கும் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

திறந்த கிணற்றில் தண்ணீரின் மேலாடையிலிருந்து அள்ளக்கூடாது. அதில் தூசியும் இலையும் மிதக்கும். அடியைத் தொட்டும் அள்ளக்கூடாது. சுத்தமான வாளியைச் சுவரில் உரசாமல் இறக்கி, நடுத்தண்ணீரில் எடுக்கவேண்டும். நாளாந்தம் இறைக்கும் கிணறாயின் இயந்திரம் சிறிது நேரம் ஓடியபின் குழாய் வாயில் நேரே பிடிக்கலாம். பாவியாமல் கிடக்கும் குழாய்க் கிணற்றில் நிற்பது பழைய தண்ணீர். அதில் நிற்கும் அளவைப்போல் மூன்று மடங்கை வெளியேற்றியபின் வருவதே நிலத்தின் தண்ணீர். நாலு அங்குலக் குழாயில் 10 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 80 லீற்றர். ஆகவே 240 லீற்றர் வெளியேறவேண்டும். "இரண்டு வாளி இறைச்சனான், போதும்" என்றால் போதாது.

சுத்தமெனக் கருதும் கிணற்றில் தொடங்கி, மோசமானதை நோக்கிப் போகவேண்டும். கசிவுநீர் கடைசி. இல்லாவிடில் கயிற்றிலும் வாளியிலும் ஒட்டிய கறுப்பு நல்ல கிணற்றுக்குப் போய்விடும். வெப்பம், அமில காரத் தன்மை, மின்கடத்துதிறன், கரைந்த ஒட்சிசன் ஆகியவற்றைச் சிறு கருவிகளால் கிணற்றடியிலேயே அளந்து எழுதவேண்டும். போத்தலுக்குள் சில மணி நேரத்திலேயே அவற்றிற் சில மாறிவிடும்.

ஆய்வுகூடத்தையும் நாம் சோதிக்கலாம். கடையில் நிறுக்குமுன் தராசின் வெறுந்தட்டைப் பார்க்கின்றோம் அல்லவா? அதேபோல், காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய ஒரு போத்தலைக் களத்தில் திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்புவார்கள். அதில் ஈயம் இருப்பதாக அறிக்கை வந்தால், பிழை கிணற்றில் இல்லை. கையிலோ போத்தலிலோ இருக்கின்றது. ஒரே கிணற்றில் இரண்டு போத்தல் எடுத்து வெவ்வேறு இலக்கமிட்டு அனுப்புவதும் உண்டு. இரண்டு விடைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக வரவேண்டும். இவை இரண்டும் செய்யப்படுகின்றனவா என்று கேளுங்கள். செலவு கூடுமென்று முதலில் வெட்டப்படுவது இவைதான்.

நிரப்பிய உடனே போத்தலிலேயே எழுதவேண்டும். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து வெயில் படாமல் கொண்டுபோகவேண்டும். பற்றீரியாப் போத்தல் ஆறு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்வது நல்லது, 24 மணித்தியாலத்தைத் தாண்டவே கூடாது. நைத்திரேற்றுக்கு இரண்டு நாள். அமிலமிட்ட உலோகப் போத்தல் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே கொழும்புக்கு இரவு பஸ்ஸில் எதை அனுப்பலாம், எதை யாழ்ப்பாணத்திலேயே பார்க்கவேண்டும் என்று முதலே தீர்மானிக்கவேண்டும். போத்தல் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கொடுத்தவர், எடுத்தவர் இருவரும் நேரமிட்டுக் கையொப்பம் வைக்கும் தாள் ஒன்று பெட்டியோடு போகும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் குழுவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கிணறு, நேரம், போத்தல் இலக்கம், தண்ணீரின் நிறம், மணம், முந்திய மழை எப்போது பெய்தது என எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினாள். மூன்றாம் கிணற்றடியில், "பக்கத்துத் தோட்டத்தில் இயந்திரம் ஓடியது, மிளகாய்க்கு நேற்று யூரியா போட்டார்களாம்" என்று ஒரு வரி. யாரும் சொல்லி எழுதியதல்ல. பின்னர் அறிக்கை வந்தபோது அந்த வரியே எமக்கு மிகவும் உதவியது.

அடிச்சேறு எதற்கு?

தண்ணீர் இன்றைய நிலையைச் சொல்லும். போன மாரியில் போனதை அது சொல்லாது, அது ஓடிவிட்டது. ஈயம், கட்மியம், குரோமியம் போன்ற பார உலோகங்கள் நுண்ணிய களியிலும் அழுகிய இலைச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு, வாய்க்காலின் அடியிலும் குளத்தின் அடியிலும் தங்கிவிடுகின்றன. இதை அடையல் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். கோடையில் குளத்துத் தண்ணீரில் ஒன்றும் காணாதபோதும் அடியிலுள்ள சேறு பழைய கணக்கை வைத்திருக்கும். எமது தோட்டக்காரர் குளத்துச் சேற்றை அள்ளித் தோட்டத்துக்குப் போடும் வழக்கமும் உண்டு. ஆகையால் இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியல்ல.

சேறு எடுக்கும் இடம் தெரிவதில் பெரும்பாலானோர் பிழை விடுகின்றார்கள். தண்ணீர் வேகமாக ஓடுமிடத்தில் மணல்தான் கிடக்கும். மணலில் உலோகம் ஒட்டாது. அங்கே எடுத்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் விடை வரும். ஓட்டம் தளரும் வளைவின் உட்பக்கம், மதகுக்கு முன்னுள்ள பள்ளம், குளத்தின் ஆழமான பகுதி ஆகிய இடங்களில் விரலிடையே பசைபோல் வழுக்கும் சேறு இருக்கும். அதுவே வேண்டும். எந்த மதகடியில் சேறு படியும் என்று வருடாவருடம் வாய்க்கால் துப்புரவாக்குபவருக்குத் தெரியாததா? வந்தவர் வசதியான கரையில் நின்று கைக்கெட்டியதை அள்ளினால், மரியாதையாக இடத்தைக் காட்டுங்கள்.

ஓடும் வாய்க்காலில் கீழிருந்து மேல்நோக்கிப் போகவேண்டும். மேலே கலக்கிவிட்டுக் கீழே எடுத்தால் கலங்கலையே எடுப்போம். ஒரே இடத்தில் தண்ணீரும் சேறும் வேண்டுமானால் தண்ணீரை முதலில் எடுக்கவேண்டும். உலோகம் பார்ப்பதானால் பிளாஸ்ரிக் அகப்பை நல்லது. துருப்பிடித்த மண்வெட்டியால் தோண்டினால் மண்வெட்டியின் இரும்பும் விடையில் வந்துவிடும். எண்ணெய், பூச்சிநாசினி பார்ப்பதற்கு மாறாகத் துருப்பிடிக்காத உருக்குக் கரண்டியும் கண்ணாடிப் போத்தலும் வேண்டும். மேலே உள்ள ஐந்து சென்ரிமீற்றர் அண்மைக் காலத்துப் படிவு, அதனடியில் பழையது. இரண்டையும் ஒன்றாகக் கிண்டி எடுக்கக்கூடாது. குப்பைத் தண்ணீர் எட்டாத, அதே மாதிரி மண்ணுள்ள இன்னொரு குளத்திலும் சேறு எடுக்கவேண்டும். மண்ணில் இயல்பாகவே உலோகம் உண்டு. எமது செம்மண்ணின் சிவப்பே இரும்புதான்.

இவ்வேலையில் எவரும் மேட்டின்மேல் ஏறவேண்டியதில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று கொழும்புக்கு அருகே மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். மேட்டிலிருந்து வரும் மீதேன் எரியக்கூடியது. அங்கே பீடி, சுருட்டு வேண்டாம். வைத்தியசாலை ஊசிகளும் கிடக்கலாம். எமது பிரதேசங்களில் இன்னொன்றும் உண்டு: கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தாத பற்றைக்குள் ஒரு போத்தலுக்காகவும் கால் வைக்காதீர்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும்

அறிக்கை தானாகக் கைக்கு வருவதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அரச அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். கிடைக்குமா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். கேட்கும்போது விடைகளை மட்டுமல்ல, மாதிரி எடுத்த இடம், திகதி, கைமாறிய தாள் ஆகியவற்றையும் கேளுங்கள்.

"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லைக் கண்டு உடனே ஆறுதல் அடையவேண்டாம். அந்த இயந்திரத்தால் காணக்கூடிய ஆகக் குறைந்த அளவுக்குக் கீழே என்பதே அதன் பொருள். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். இயந்திரத்தின் கண் 0.05 க்குக் கீழே காணாது என்றால், "கண்டறியப்படவில்லை" என்பதால் எமக்கு ஒரு பயனும் இல்லை. நைத்திரேற்றிலும் ஒரு பொறி உண்டு. சில ஆய்வுகூடங்கள் அதை முழு நைத்திரேற்றாக எழுதும். சில அதிலுள்ள நைதரசனை மட்டும் எழுதும். முழு நைத்திரேற்றாயின் எல்லை 50 மில்லிகிராம். நைதரசனாயின் ஏறக்குறைய 11. ஆகவே 20 என்ற எண்ணைக் கண்டு, எது என்று கேளாமல், நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லக்கூடாது. சேற்றின் அளவுகள் உலர்ந்த கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். அவற்றைக் குடிநீர் எல்லையோடு ஒப்பிட்டுப் பயப்படுவதும் பிழை.

எங்கள் இரண்டாம் அறிக்கை வந்தது. கீழ்ப்பக்கத்து மூன்று கிணறுகளில் இரண்டில் அமோனியாவும் குளோரைட்டும் மேற்பக்கத்துப் பங்குக் கிணற்றைவிடத் தெளிவாக மிகுந்திருந்தன. குளத்துச் சேற்றில் ஈயம், ஒப்பிட எடுத்த குளத்தைவிடக் கூட. மக்களின் முறைப்பாடு நியாயமென்று தெரிந்தது. ஆனால் பங்குக் கிணற்றில், குப்பை எட்டாத அந்தக் கிணற்றில், நைத்திரேற்று எல்லையைக் கடந்திருந்தது. மூன்றாம் கிணற்றிலும் அப்படியே. பிள்ளையின் கொப்பியில் இருந்த யூரியா வரியை அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். இது குப்பை தந்ததல்ல; எங்கள் உரமும், கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழிகளும் தந்தது.

கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். "இதை வெளியிலை காட்டினால் சபை எங்களிலைதான் பழியைப் போடும். நாலாம் கிணத்தை விட்டுட்டு மற்றதைக் குடுப்பம்" என்றார் ஒருவர். அவருடைய பயம் வீண் பயமல்ல. பல வருடம் தள்ளிவைக்கப்பட்டவரின் பயம். ஆனாலும் நாம் சம்மதிக்கவில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட, போத்தற்பால் குடிக்கும் குழந்தைகள் மூன்று அந்தப் பங்குக் கிணற்றை நம்பியிருந்தன. நைத்திரேற்று மிகுந்த நீரில் கரைத்த பால்மா அவ்வயதுக் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசன் காவுவதைத் தடுத்து, உடல் நீலம் பாரிக்கச் செய்யும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற இன்னும் செறியும். இதை மறைத்து வைத்து எந்த நியாயத்தைக் கேட்பது? நாலு கிணற்றின் அறிக்கையையும் முழுமையாகக் கொடுத்தோம். அன்று மாலையே அந்த மூன்று வீடுகளுக்கும் வேறு இடத்துத் தண்ணீர் ஒழுங்கு செய்தார்கள்.

முழுதாகக் கொடுத்ததால் வழக்கு பலவீனமடையும் என்பதும் சரியல்ல. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வெளிவந்ததை நீங்கள் அறிவீர்கள். குடிக்கலாம் என்றது ஒன்று, கூடாது என்றது மற்றொன்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கென 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்துமாறு நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் நீர்வளச் சபையும் கிணறு கிணறாகச் செய்த பரிசோதனைகள் அவ்வழக்கில் முக்கிய இடம் பெற்றன. எங்கே, எப்போது, எப்படி எடுத்தது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய போத்தலே அப்படியான இடத்தில் நிற்கும்.

எங்கள் குடியேற்றத்தில் சபை இன்னொரு இடம் பார்ப்பதாகச் சொல்லி, கொட்டுவதை முதலில் குறைத்தது. பவுசர் மறுபடி வரத் தொடங்கியது. மேடு அப்படியே கிடந்தது. 2019 தை மாதத்தில், மழை விட்டு இரண்டு கிழமைக்குள், அதே நாலு கிணறுகளிலும் அதே மதகடியிலும் மறுபடி எடுத்தோம். அப்பு சொன்ன வடக்கு மூலைக்கு நேரே ஐந்தாவது கிணறு ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். கொப்பி அதே பிள்ளையிடம் இருந்தது. இம்முறை அமிலப் போத்தல்களுக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள்.